கார்னி பென்னரின் இருபத்தாறு நாட்கள்

கார்னி பென்னருக்கு அறுபத்தொன்பது வயது. அதில் முப்பத்தொரு வருடம் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஆல்டோனா என்ற சிற்றூரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியே கழிந்தது. விட்ட மூச்சு மீசையிலேயே உறைந்துபோகும் ஜனவரிக் காலையிலும், ஏழு நாற்பதுக்கு வரவேண்டிய பேருந்து ஏழு நாற்பதுக்கு வந்து நிற்கும். ஒரு நிமிடம் முந்திவிட்டால் மூலையில் நிறுத்திக் காத்திருந்துவிட்டுத்தான் வருவார். பென்னருக்குக் கணக்குத் தப்பாது என்று ஊர் சொன்னது. ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவரும் அதை நம்பிவிட்டார். வினையே அதுதான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். அங்கே அவருடைய அக்கா யுஸ்டினா இருந்தாள். சனிக்கிழமைதோறும் பாலாடைக் கொழுக்கட்டையைச் சட்டியோடு கொண்டுவந்து கொடுத்து, அது தீரும்வரை திட்டிவிட்டுப் போவாள். வீட்டில் இரண்டு பெண்களின் குரலைத் தாங்கும் சக்தி தனக்கு இல்லை என்பது கார்னியின் வாதம்.

ஓய்வு பெற்றதும், ஊரில் பாதிப் பேர் செய்வதையே அவரும் செய்தார். குளிர்காலத்துக்கு அமெரிக்காவின் அரிஸோனாவில் இருக்கும் மெசாவுக்குப் போய், சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பில் இடம் பிடித்தார். கனடாக்காரர்கள் இப்படி அமெரிக்காவுக்குள் போக விசா கிடையாது, மனுப் போடுவது கிடையாது. கடவுச்சீட்டை நீட்ட வேண்டும், எவ்வளவு நாள் என்று கேட்டால் சொல்ல வேண்டும், போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தக் குடியிருப்பில் எல்லார் தலைக்குள்ளும் ஒரே எண் ஓடிக்கொண்டிருக்கும்: நூற்று எண்பத்திரண்டு. பன்னிரண்டு மாதத்தில் அதற்கு மேல் தங்கினால், வந்தவன் விருந்தாளியா குடியேறியவனா என்ற சந்தேகம் அதிகாரிக்கு வந்துவிடும். அப்புறம் அடுத்த முறை வாசலிலேயே மறித்தாலும் மறிப்பார்கள். ஆகவே காலைக் காப்பிக்குக் கூடினால் உடம்பு எப்படி என்று கேட்கமாட்டார்கள். "எத்தனையில நிக்கிற?" என்பதுதான் முதல் கேள்வி.

ஆர்லிஸை அவர் சந்தித்தது அந்தக் குடியிருப்பின் பொது அறையில்தான். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து, கணவர் போனபிறகு வீட்டை விற்றுவிட்டு வருடம் முழுவதும் மெசாவிலேயே இருப்பவள். கிராக்கினோல் என்று ஒரு வட்டப் பலகை ஆட்டம் உண்டு, கேரம் போல விரலால் சுண்டி ஆடுவது. கார்னி அதைத் தொட்டிலிலிருந்தே ஆடுகிறவர். ஆர்லிஸ் அவரை மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்கடித்துவிட்டு, தான் அந்தப் பலகையைப் பார்ப்பதே இது இரண்டாவது முறை என்றாள். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. தோல்வியால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இது அவர்களுடைய மூன்றாவது குளிர்காலம். ஆர்லிஸுக்கு வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சை என்றாலே முகம் வெளுத்துப்போய் ஆறு வருடம் தள்ளிப்போட்டவள், இந்த முறை ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். கண் விழிக்கும்போது கார்னி பக்கத்தில் இருக்க வேண்டும். ஏப்ரல் இரண்டாம் தேதி என்று மருத்துவமனையில் குறித்தார்கள். கார்னி நாட்காட்டியைப் புரட்டினார். அக்டோபர் இருபத்தெட்டு முதல் ஏப்ரல் இருபத்தைந்து வரை நூற்று எண்பது நாள். மூன்று வாரம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, இரண்டு நாள் மிச்சம் வைத்துக் கிளம்பலாம். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம், அதே குடியிருப்புக்குக் கனடாவிலிருந்து வரும் சஸ்காட்செவன்காரர் ஓரெஸ்ட் பொது அறைக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் பதிவாகியிருக்கும் அரசாங்கப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று, பொழுது போகாமல் ஆளாளுக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். கார்னியின் கடவுச்சீட்டு எண்ணையும் தட்டினார். இரண்டு வரி வரவேண்டிய இடத்தில் திரை நிறைய வரி வந்தது.

"இதெல்லாம் என்னய்யா? மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் இருபத்தாறு தடவை வந்து போயிருக்க."

"அது நீச்," என்றார் கார்னி அலட்சியமாக. "அரை மணி நேரம் அந்தப் பக்கம் போய்ட்டு வந்தது. அதெல்லாம் கணக்கா?"

"அரை மணியோ அரை நிமிஷமோ, கால் வெச்சா அது ஒரு நாள்தான்."

எங்கள் ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், நீச் வெளிநாடு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இருக்கிறது, அது உண்மைதான். ஆனால் ஆல்டோனாவிலிருந்து கால் மணி நேரம். பெட்ரோல் விலை குறைவு, சீஸ் மலிவு. அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பால் வாங்கி வருகிறவர்கள் உண்டு. அதிகாரியும் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு அக்கா சௌக்கியமா என்றுதான் விசாரிப்பார். இதை எவன் நாட்காட்டியில் எழுதி வைப்பான்?

நூற்று எண்பத்திரண்டில் இருபத்தாறு போனால் நூற்று ஐம்பத்தாறு. கார்னி நாட்காட்டியில் விரலை வைத்து மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் விரல் ஏப்ரல் ஒன்றாம் தேதியில் வந்து நின்றது. முட்டாள்கள் தினம். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள்.

இரண்டு நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் தங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. ஆனால் அப்படித் தங்கிய ஒருவரை அடுத்த அக்டோபரில் எல்லையிலேயே திருப்பி அனுப்பிய கதை குடியிருப்பில் எல்லாருக்கும் மனப்பாடம். வீடு மெசாவிலும் ஆள் வின்னிபெக்கிலுமாகக் கிடந்தாராம். தங்கினால் இனி வரும் குளிர்காலமெல்லாம் ஆர்லிஸ் இல்லாமல் போகலாம். போனால் ஆர்லிஸ் தனியாகக் கண் விழிப்பாள்.

கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டார். யுஸ்டினா முழுவதையும் கேட்டுவிட்டு, "டேய் கார்னி, சீஸ் வாங்கப் போனேங்கறே. என் கண்ணுல ஒரு துண்டு சீஸையாவது காட்டினியா? எங்கிட்ட சொல்ற கதையெல்லாம் அவகிட்ட சொல்லாத. உள்ளதைச் சொல்லு," என்றாள். கார்னி போனை வைத்துவிட்டார். வைத்த பிறகும் காது சூடாகவே இருந்தது.

அன்று மாலை ஆர்லிஸின் வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் அழுவாள், அல்லது ஏதாவது எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஆர்லிஸ் இரண்டும் செய்யவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பட்டியல் எங்கே என்று கேட்டாள். ஓரெஸ்ட் அச்செடுத்துக் கொடுத்திருந்த தாளை நீட்டினார்.

"நீ அனுப்பின பார்சலை வாங்கத்தான் போனேன்," என்றார்.

அது உண்மைதான். கனடாவுக்கு அனுப்பினால் தபால் செலவும் படிவங்களும் அதிகம் என்று, ஆர்லிஸ் கோடையில் தன் பார்சல்களை நீச்சில் இருக்கும் ஒரு கடைக்கு அனுப்புவாள். எல்லைப்புறத்துக்காரர்கள் பலருக்கும் பார்சல் வந்து சேருவது அங்கேதான், செவ்வாய்க்கிழமைதோறும். பம்பளிமாஸ் ஜாம் அனுப்புவாள். ஒரு தடவை தான் பின்னிய காலுறையில் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு, ஜோடியை அடுத்த மாதப் பார்சலில் வைத்தாள். அந்த ஒற்றைக் காலுறையை அந்த மாதம் முழுவதும் கார்னி மேசை மேலேயே வைத்திருந்தார்.

ஆர்லிஸ் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். தேதிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஏதோ குறித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் அனுப்பினது ஒம்பது பார்சல். இதுல இருபத்தாறு தடவை போயிருக்க. மீதிப் பதினேழு?"

கார்னி ஜன்னலைப் பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு குப்பைத்தொட்டிதான் இருந்தது.

"வந்திருக்குமோன்னு பாக்கப் போனேன்."

"வந்தா கடைக்காரங்க போன் பண்ணுவாங்களே."

"பண்ணுவாங்க." குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை வந்தா வீட்டுல இருப்புக் கொள்ளல," என்றார்.

அறுபத்தொன்பது வயதில் அவர் ஒரு பெண்ணிடம் சொன்ன முதல் காதல் வார்த்தை அதுதான். சொன்னது என்னவென்று அவருக்கே அப்போது தெரியவில்லை. ஆர்லிஸுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பிறகு நொண்டிக்கொண்டே போய்ப் போனை எடுத்து, மருத்துவமனையைக் கூப்பிட்டு, முட்டியை நவம்பர் பத்தொன்பதுக்கு மாற்றிவிட்டாள்.

கார்னி பதறிப்போனார். வலியோடு அத்தனை மாதம் எப்படி இருப்பாய், டாக்டர் என்ன சொல்வார், என்னால்தானே எல்லாம் என்று புலம்பத் தொடங்கினார். அவர் புலம்பி ஓயும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"ஆறு வருஷம் நொண்டின முட்டி, மனுஷா. இன்னும் எட்டு மாசம் நொண்டாதா? அதை விடு. உங்க ஊருக்கு வந்தா எனக்கு எத்தனை நாள் குடுப்பாங்க?"

வருடக்கணக்காக நாளை எண்ணிய மனிதர் ஒரே திசையில்தான் எண்ணியிருக்கிறார். அமெரிக்காக்காரி கனடாவுக்கு வரவும் விசா வேண்டாம். அவளுக்கும் ஆறு மாதம் உண்டு. அது மூன்று வருடமாக யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது. பேருந்து ஓட்டுகிறவருக்கு வந்த வழி திரும்பிப் போகும் என்பதுகூடத் தோன்றவில்லையே என்று ஓரெஸ்ட் பிறகு ஒரு வாரம் அவரைக் கிண்டல் செய்தார்.

பின்சீட்டில் தலையணை மேல் காலை நீட்டி ஆர்லிஸ் உட்கார்ந்துகொள்ள, கார்னி மூன்று நாள் வடக்கே காரை ஓட்டினார். வழியெல்லாம் அவள் மேலங்கிகளாக வாங்கிக் குவித்தாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி மதியம் எமர்சன் எல்லைச் சாவடிக்கு வந்தபோது வயல்களில் பாதி பனியும் பாதி தண்ணீருமாக நின்றது. சாவடியில் ஓர் இளம் பெண் அதிகாரி. கார்னியின் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள். பின்சீட்டுக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, என்ன காரியமாக வருகிறீர்கள் என்று ஆர்லிஸிடம் கேட்டாள்.

"இவர் எனக்காகப் பதினேழு நாளை விட்டுட்டாரும்மா. அதை ஈடு கட்ட வந்திருக்கேன்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஆர்லிஸ் முன்சீட்டைப் பார்த்தாள். "கார்னி, உன்னைத்தான். எத்தனை நாள் இருக்கட்டும்?"

கார்னி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு உடம்பையே திருப்பினார். அதிகாரியைப் பார்க்கவில்லை, ஆர்லிஸைத்தான் பார்த்தார்.

"எத்தனை குடுக்கறாங்களோ அத்தனையும்," என்றார். "ஒரு நாள்கூட மிச்சம் வைக்க வேண்டாம்."