அண்ணனின் மணிக்கட்டு

நான் வேலை பார்க்கும் இடம் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கிறது. பேட்டரி இல்லாத, சாவி கொடுத்து ஓட்டும் கைக்கடிகாரங்களை வடிவமைக்கிறோம். ரொம்ப நாளாக எங்களுக்கு ஒரே வேலைதான்: எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக ஒன்றைச் செய்வது. இரண்டு நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம்தான் மொத்தக் கடிகாரமும்.

வழக்கமான கடிகாரத்தில் சக்கரங்கள் இரண்டு தகடுகளுக்கு நடுவே நிற்கும். நாங்கள் மேல்தகட்டை எடுத்துவிட்டோம். பின்மூடியையே அடித்தகடாக்கி, சக்கரங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் கொடுத்து நிறுத்தினோம். சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே தலைமுடி போகும் இடம்கூட இல்லை. ஆபீஸில் எல்லோர் கையிலும் அது நன்றாகவே ஓடியது. ஆனால் எங்களுடையது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த கை. உழைத்துத் தடித்த மணிக்கட்டு ஒன்றில் கட்டிப் பார்க்க வேண்டும் என்றார் மேலதிகாரி. எனக்கு உடனே அண்ணன் நினைவு வந்தது.

அண்ணன் வைத்திக்குப்பத்தில் இருக்கிறார். அப்பாவுக்குப் பிறகு மீன்பிடிப் படகை அவர் எடுத்துக்கொண்டார். நான் காலாப்பட்டுப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கட்டிவிட்டேன். வார் கடைசித் துளையில்தான் எட்டியது.

"போட்டுப் பாருண்ணா. எப்பிடி இருக்குன்னு சொல்லு. கடலுக்குப் போறப்ப மட்டும் கழட்டி வெச்சிடு" என்றேன்.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவே செய்ததாம் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். அவர் அதைத் தனக்கான பரிசாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. இல்லை, இது ஆபீஸ் சாமான், திருப்பித் தர வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தினமும் காலையில் போன் செய்து கேட்பேன். சாவி கொடுத்தேன், நல்லா ஓடுது என்பார். ஒரு நாள்கூட வேறு மாதிரி சொன்னதில்லை. தடித்த கையிலும் பிரச்சினை இல்லை என்று நான் மேலதிகாரியிடம் சொன்னேன். அவரும் சந்தோஷமாக அடுத்த கட்டத்துக்குப் போகச் சொன்னார்.

மாசி மகம் வந்தது. தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடற்கரையில் வரிசையாக நின்றன. நல்ல கூட்டம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கடிகாரம் தெரியும்படி கையை மடித்துவிட்டிருந்தார். அண்ணியின் தம்பி அவரிடம் மணி கேட்டார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து மணி சொன்னார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் கையை இழுத்துப் பார்த்தேன். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கடிகாரம் விடியற்காலையிலேயே நின்றுபோயிருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அண்ணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கட்டிக்கொண்டு வேலை பார்த்தால் நின்றுவிடுகிறது, கழற்றி வைத்தால் ஓடுகிறது, முதல் நாளிலிருந்தே இப்படித்தான் என்று அண்ணி சொன்னார். ஆபீஸில் நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"நீ ஓடுதுன்னு சொன்னத வெச்சித்தான் ஆபீஸ்ல சொல்லிட்டேன். இது ஒனக்குப் போட்டுக்கக் குடுத்தது இல்லண்ணா. ஓடுதா நிக்குதான்னு பாக்கக் குடுத்தது."

சொல்லி முடித்த பிறகுதான் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தேன். அண்ணியின் தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்சி தனக்காகச் செய்தது என்று அவரிடமும் அண்ணன் சொல்லியிருப்பார்.

அண்ணன் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். "நீ செஞ்சது நின்னு போச்சின்னு ஒங்கிட்டயே எப்பிடி பாப்பா சொல்றது" என்றார். குரலில் கோபம் இல்லை.

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பாட்டுக்கும் நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, என்ன செய்யும்போது நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்றார். அதை எந்த முகத்தோடு அண்ணனிடம் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவரே போன் செய்தார்.

"கரையில நின்னு வல இழுத்தேன், நின்னுருச்சி. வாரக் கழட்டுனேன், ஓடுது" என்றார்.

அதன் பிறகு படகைக் கரையேற்றும்போது, ஐஸ் பெட்டி தூக்கும்போது என்று ஓயாமல் போன் வந்தது. மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே போய்ப் பேசுவேன். சரிண்ணா என்று குறித்துக்கொண்டு வைத்துவிடுவேன்.

அவர் சொன்னதை வைத்துக் காரணம் பிடிபட்டது. கை இறுகும்போது வார் கடிகாரத்தின் இரண்டு ஓரங்களையும் கீழே இழுக்கிறது. மெல்லிய அடித்தகடு லேசாக வளைகிறது. சக்கரம் தகட்டில் உரசி நிற்கிறது. வாரைத் தகட்டோடு சேர்க்காமல், சுற்றிலும் ஒரு தனி வளையம் வைத்து அதில் மாட்டினோம். இழுப்பு வளையத்தோடு நின்றது, கடிகாரம் ஓடியது. ஆபீஸ் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். யார் கையில் கட்டிச் சோதித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஒரு மீனவர் என்றேன். என் அண்ணன் என்று சொல்ல எது தடுத்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க முகம் சுடுகிறது.

பழைய மாதிரியைத் திருப்பி வாங்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். உப்புப் படியாமல் துடைத்து வைத்திருந்தார். கடையில் வாங்கிப் போயிருந்த வேறொரு கடிகாரத்தை நான் நீட்டினேன். அவர் அதைக் கட்டிக்கொண்டு கையை மடக்கி நீட்டினார்.

"இதுல என்ன பாக்கணும் பாப்பா?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"ஒண்ணும் பாக்க வேணாம்ணா. ஒனக்குத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, டீசல் வாங்க வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் அண்ணியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டிய மன்னிப்பை அண்ணியிடமாவது கேட்டிருக்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.