மட்டக்கம்பும் மூன்று புரொஜெக்டர்களும்

வாடிய கொழுந்தின் வாசனை பலகைக்குள் இறங்கிவிட்டால் பிறகு போவதே இல்லை. தலவாக்கலைக்குப் பக்கத்தில், இயந்திரங்கள் நின்றுபோன ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி. முன்பு கொழுந்தைப் பரப்பி வாட வைத்த இடம். படியேறியதும் அந்த வாசனைதான் முதலில் வரும்... அதற்குப் பிறகுதான் புரொஜெக்டர் மின்விசிறிகளின் இரைச்சல்.

என் முதல் வேலை அங்கேதான்.

சுற்றுலா வருகிறவர்களுக்காக மாடியின் நீளச் சுவர் முழுவதும் ஒரே படமாக மலை தெரிய வேண்டும். ஒரு புரொஜெக்டர் போதாது; மூன்றை வரிசையாகத் தொங்கவிட்டோம். ஒன்றின் ஓரம் அடுத்ததன் ஓரத்தின் மேல் கொஞ்சம் ஏறி விழும். அந்த இடத்தில் இரண்டின் வெளிச்சத்தையும் மெல்லக் குறைத்தால் ஒட்டு தெரியாது. கருவிகளைக் கண்டியிலிருந்து வந்த ரவி அண்ணன் பார்த்துக்கொண்டார். சுவரின் அளவுக்குப் படத்தைத் தயாரிப்பது என் பொறுப்பு.

படத்தில் செல்வி இருந்தாள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பரீட்சை முடிந்ததும் நான் ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன், அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். கேமரா என்றதும் மறுத்துவிட்டாள்.

"கலண்டர்ல இருக்காளுங்களே, பட்டுச்சேல கட்டிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு... அவளுங்க எந்தத் தோட்டத்துலடி வேல செய்யுறாளுங்க? என்னையும் அப்பிடி ஆக்கப் போறியா?"

"இல்லடி. நீ எப்பிடி இருக்கியோ அப்பிடியே."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், செடி கிழிக்காமலிருக்கப் படங்குத் துணி கட்டிய இடுப்போடும் அட்டைக்கடி பட்ட காலோடும் கேமராவின் முன்னால் வந்து நின்றாள்.

திறப்பு நாள். மூன்று மணிக்குத் தோட்டத்துத் தொரை விருந்தாளிகளோடு வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கே, படத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க வந்துவிட்டார்கள். நான் படத்தை ஓடவிட்டேன்.

சுவர் போய்விட்டது! அந்த இடத்தில் திம்புள்ளப் பக்கத்து மலை முழுவதும் நின்றது. மூடுபனி ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை எங்கும் தடுக்காமல் நகர்ந்தது. எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்த எனக்கே மூச்சு நின்றது.

பெண்கள் சிரித்தார்கள். "ஏய், நம்மலாம் மெலிஞ்சிட்டோம்டி!"

"நல்லாத்தான் இருக்கு. இனி சோறு கொறைக்க வேணாம்."

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. படத்தில் அவள் கையில் மட்டக்கம்பு இருந்தது. செடியின் தலை மேடு பள்ளமில்லாமல் இருக்க, மேலே படுக்கவைத்து அளவு பார்க்கும் கம்பு. படத்தில் அதைச் செடிமேல் படுக்க வைக்கிறாள், பிறகு பக்கத்தில் நிமிர்த்தி ஊன்றுகிறாள்.

"இந்தா பாரு, அந்த எடத்த திரும்பப் போடு."

போட்டேன்.

"படுத்தா கட்டையா இருக்கு, நிமுந்தா நெட்டையா இருக்கு. என் கம்பு அப்பிடி வளராதே?"

என் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு புரொஜெக்டரின் அகலத்தை மூன்றால் பெருக்கிப் படத்தைத் தயாரித்திருந்தேன். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைக் கழிக்கவே இல்லை. உண்மையில் சுவரில் இருந்த அகலம் அதைவிடக் குறைவு. மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாத கம்ப்யூட்டர், மலையையும் மனிதர்களையும் பக்கவாட்டில் நெருக்கி உள்ளே தள்ளியிருந்தது.

ஓரங்கள் ஏறி விழும் இடத்தைச் செல்விக்குக் காட்டி, அதை இரண்டு தடவை எண்ணிவிட்டேன் என்றேன். அவள் கேட்டாள்:

"ரெண்டு நெரைக்கு நடுவுல நிக்கிற செடிய நானும் எண்ணி, பக்கத்து நெரக்காரியும் எண்ணுனா, மலையில செடி கூடிருமா?"

அவ்வளவுதான் கணக்கு.

ரவி அண்ணன் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, பத்துல ஒரு பங்குதான் நெருங்கியிருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. ஒல்லியா அழகாத்தானே இருக்காங்க? இப்ப திரும்பச் செய்யப் போனா நாலு மணித்தியாலம். நடுவுல கரண்ட் போச்சுன்னா தொரைக்கு வெறும் செவரத்தான் காட்டணும்."

அவர் சொன்னது சரிதான். செல்வி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அண்ணன், நான் திரும்பச் செய்யுறேன்."

"மலை ரெண்டு ஓரத்துலயும் வெட்டுப்படும்."

"வெட்டுப்படட்டும்."

"சரி. மலை போனா போவுது, ஆளு ஆளா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, யாரும் கை வைத்துவிடாதபடி கம்ப்யூட்டரின் பிளக் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பெண்கள் சாப்பிடப் போனார்கள். செல்வி போகவில்லை. இரண்டு பேரும் பலகைத் தரையில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் தின்றோம். கம்ப்யூட்டர் திரையில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு பச்சைக் கோடு, புழு நகர்வதுபோல நகர்ந்துகொண்டிருந்தது... வெளியே மழை பிடித்தது. ஒருதடவை விளக்கு மங்கி மீண்டது. அப்போது மூன்று பேரும் ஒன்றாக எழுந்து நின்றுவிட்டோம்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோடு முடிந்தது.

மறுபடியும் மலை வந்தது. இந்த முறை அது பாரத்தோடு வந்தது. பெண்களின் தோள்கள் அகன்றன, கைகள் தடித்தன. கம்பு படுத்தாலும் நிமிர்ந்தாலும் ஒரே கம்பாக இருந்தது.

செல்வி சுவரை நோக்கி நடந்தாள். இரண்டு புரொஜெக்டர்கள் சேரும் இடத்தில் போய் நின்றபோது, அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மங்கிய நிழல்கள் விழுந்தன. நடுவில் அவள். எதிரே, மலையளவு உயரத்தில், அவளே. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம்... இது நான்தான்."

படிக்கட்டில் தொரையின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவள் விலகி ஓரமாக நின்றுகொண்டாள்.

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். சுவர்கள் பெரிதாகிவிட்டன, புரொஜெக்டர்களும் கூடிவிட்டன. ஒரு கேமராவை வைத்தால் ஓரங்களை அதுவே அளந்து, அதுவே கழித்துக்கொள்கிறது. யாரும் ரொட்டி தின்றுகொண்டு பச்சைக் கோட்டைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. அளவு சரிபார்க்க எல்லாரும் ஒரு வட்டத்தைப் போட்டுப் பார்ப்பார்கள்; படம் நெருங்கினால் அது முட்டையாகிவிடும். நானும் போடுகிறேன். ஆனால் அறையில் வேறு யாரும் இல்லாதபோது, செல்வி கம்பை ஊன்றும் அந்த ஒரு காட்சியையும் போட்டுப் பார்க்கிறேன்.

அவள் இன்னும் மலையில்தான் இருக்கிறாள். போன மாதம் ஒரு பெரிய வேலை முடிந்து படம் அனுப்பினேன். நிரையிலிருந்தே குரல் பதிவு வந்தது. பின்னால் காற்றும், யாரோ சிரிக்கும் சத்தமும்.

"எல்லாம் பளபளன்னு இருக்குடி. கம்பு வச்சுப் பாத்தியா?"