வாழைக் கட்டுரைக்குள் சிமெண்ட்

எங்கள் துறைத் தலைவர் பெயரில் இருநூறு ஆய்வுக் கட்டுரைகளாவது இருக்கும். அதில் பாதியை அவர் படித்திருக்கிறார் என்று யாராவது நிரூபித்தால் நான் வேலையை விட்டுவிடுகிறேன். தேனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் தாவரவியல் துறை எங்களுடையது. மனிதரோ பல் மருத்துவம், இயற்பியல் எல்லாவற்றிலும் மேற்கோள் காட்டப்படுகிறார். எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவின் மகிமை. என் கட்டுரையை நீ மேற்கோள் காட்டு, உன்னுடையதை நான் காட்டுகிறேன் என்று மொய்க்கு மொய் வைக்கிறார்கள். மொய் வைத்தாலாவது பந்தியில் சோறு கிடைக்கும்.

சின்னமனூரில் ஒரு விவசாயியின் வாழைத் தோட்டத்தில் இரண்டு வருடம் வாடல் நோயை ஆராய்ந்தேன். தன் தோட்டத்திலிருந்தே அவர் எடுத்து நடும் பக்கக் கன்றுகளில்தான் நோய் இருந்தது. மாசியில் அது உறுதியானதும் தலைவரிடம் ஓடினேன்.

“வெளிய மூச்சு விடாதீக. மொதல்ல அச்சுல வரட்டும்” என்றார். வேறு எவனாவது முந்திக்கொள்வானாம். என் பதவி உயர்வுக்கும் அந்தக் கட்டுரை தேவைப்பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு குழுவினரின் கட்டுரைகளை எல்லாம் என் கட்டுரையில் மேற்கோளாகச் சேர்க்கச் சொன்னார். அதில் ஒன்று சிமெண்ட் கலவையைப் பற்றியது. வாழைக்கும் சிமெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம் என்று கேட்டேன்.

“தண்டு உறுதின்னு ஒரு வரி எழுதி, அங்கன சொருகிருங்க.”

சொருகினேன், மானங்கெட்டவன். இந்தச் சொருகலிலேயே மாதங்கள் போயின.

கார்த்திகையில் கட்டுரை வந்தது. முதல் பெயர் தலைவருடையது. அந்தத் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆசிரியர் அறையில் அல்வா கொடுத்தார், நானும் தின்றேன். மறுநாள் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு சின்னமனூர் போனேன்.

தோட்டத்தில் புது வாழை ஆள் உயரம் நின்றது. அதே தோட்டத்துக் கன்றுகள். கீழ் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. விவசாயி பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எப்போது தெரிந்தது என்றார்.

மாசியில் என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

“நான் வைகாசியிலதான சார் கன்னு ஊனுனேன்.”