எந்த ஊர் எண்டு கேட்டால்

மெல்பேர்னுக்கு வெளியில, த பேசின் எண்ட மலையடிவார ஊரில இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போற பாதையில பனிப்புகார் இறங்கினால் எனக்கு நித்திரையும் முழிப்பும் கலந்த ஒரு மயக்கம் வரும். மரமெல்லாம் பாதி கரைஞ்சு நிக்கும். அண்டைக்கு மகன் கார் ஓட்டினான். பின்னால என்ர பக்கத்தில அவன் கட்டப்போற பெட்டை இருந்தாள். தென்னமெரிக்காவில பெரு நாட்டில பிறந்து, நாலு வயதில மெல்பேர்னுக்கு வந்தவள்.

பாத்தால் சத்தியமா நம்பமாட்டியள். எங்கட நிறம், எங்கட மூக்கு, இடுப்பு வரைக்கும் பின்னல். அப்பிடியே தேப்பனை உரிச்சு வைச்ச மாதிரி. தாயோ வெள்ளைவெளேரெண்டு, பூனைக்கண். ஒரே வீட்டில ஒரே ஸ்பானிஷ் கதைக்கிற சனம். ஆனால் தாயும் மகளும் கடைக்குப் போனால், பிள்ளையைத் தத்தெடுத்தனீங்களோ எண்டு கேப்பினமாம்.

பூசை முடிஞ்சு சுண்டல் வாங்கிக்கொண்டு நிண்டம். ஒரு வயதான மனுசி கிட்ட வந்து அவளைப் பாத்தா. புதுமுகத்தைக் கண்டால் எங்கட ஆக்கள் முதல் கேக்கிறது தெரியும்தானே.

"பிள்ளை எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்தான்," எண்டு என்ர வாய் சொல்லிப்போட்டுது.

"அதுதானே, முகத்திலயே எழுதியிருக்கு," எண்டு மனுசி அவளின்ர கன்னத்தைத் தடவினா. எனக்குப் பெரிய நிம்மதி. வெக்கக்கேடுதான், ஆனால் நிம்மதி.

காருக்குள்ள ஏறினாப்பிறகு அவள் இங்கிலீசில மெதுவாக் கேட்டாள். "என்னைப் பற்றித்தானே கேட்டவ? ஏன் யாழ்ப்பாணம் எண்டனீங்கள்?"

"சும்மா, விளக்கம் சொல்ல அலுப்பு," எண்டு மழுப்பினன்.

அவள் கத்தேல்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அன்ரி, நான் ஸ்பானிஷ் கதைச்சாலும் பெருக்காரி எண்டு சனம் நம்பாது, தன்ர மகள் எண்டு அம்மா சொன்னாலும் நம்பாது. என்ர முகத்தைப் பாத்து ஆராவது ஒரு ஊரைத் தந்திடுவினம். நீங்களும் தந்திட்டியள். இந்தக் கலியாணத்துக்கு எனக்கு இப்ப பயமாயிருக்கு."

மகன் கார் எஞ்சினை நிப்பாட்டினான். இவள் போனால் அவனும் போயிடுவான் எண்ட பயம் எனக்கு. அதைவிட, அவள் சொன்னது சரி.

"இறங்கு பிள்ளை," எண்டன்.

அந்த மனுசி கோயில் வாசலில சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தா. "அக்கா, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். இவள் பெரு நாட்டுப் பிள்ளை. வீட்டில ஸ்பானிஷ்தான். எனக்கு மருமகளா வரப்போறாள்."

மனுசி நிமிந்து, முதல் தடவின அதே முகத்தை வடிவாப் பாத்தா. "ஓம் ஓம், இப்பத்தான் விளங்குது. பெருக்காரர் இப்பிடித்தான் இருப்பினம்."

பெருக்காரரை இவ எங்க கண்டவ! அவள் என்ர கையைச் சுரண்டி, மனுசி என்ன சொல்லுறா எண்டு கேட்டாள். ஒரு சொல்லும் விடாமல் சொன்னன்.

அவள் புகாருக்குள்ள நிண்டு வாய்விட்டுச் சிரிச்சாள். சிரிச்சு முடியேக்க கண்ணெல்லாம் தண்ணி.

"அம்மாவுக்குச் சொல்லவேணும்," எண்டாள். "என்னைப் பாத்து ஒராள் பெருக்காரி எண்டு சொன்னது இதுதான் முதல்தரம்."