குண்டுச்செடிக்குப் பட்டை உரித்தேன்

என் மருமகள் கல்யாணமாகி வரும்போது மடியில் ஒரு பூந்தொட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். பீரோவும் கட்டிலும் பின்னால் வேனில் வந்தன. தொட்டியை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. கெங்குவார்பட்டியிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை பட்டுச்சேலையில் மண் ஒட்ட ஒட்டப் பிடித்துக்கொண்டே வந்தாள். அது அவள் அப்பா வைத்த செடி. கல்யாணத்துக்கு முந்தின வருடம்தான் அவர் இறந்துபோயிருந்தார்.

செடிக்குப் பெயர் அடீனியம். எனக்கு அந்தப் பெயர் வாயில் நிற்பதில்லை. சேனைக்கிழங்கை மண்ணுக்கு மேலே உட்கார வைத்தது போல அடித்தண்டு உப்பி இருக்கும். அதனால் நான் குண்டுச்செடி என்றே சொல்வேன். பூ ரோஸ் நிறம், ஓரம் மட்டும் அழுத்தமாக இருக்கும். வாசம் கிடையாது, தலையில் வைக்கவும் ஆகாது. ஆனாலும் அது பூத்திருக்கும் நாளில் மருமகள் வேலைக்குப் போகுமுன் மொட்டைமாடிக்கு ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

போன வருடம் அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மருமகள் லீவு போட்டுக்கொண்டு கெங்குவார்பட்டிக்குப் போனாள். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டியபடி என்னிடம் சொன்னாள்.

“அத்தை, வாரத்துக்கு ரெண்டு தரம் தண்ணி ஊத்துனாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா விட்டாலே அது பொழைச்சுக்கும்.”

நான் தலையை ஆட்டினேன். நானும் அவளும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. எனக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான். அவள் பேசுவாள், நான் ‘ம்’ போடுவேன்.

அவள் போய்ப் பத்து நாள் இருக்கும். தொட்டியின் விளிம்பில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு போகிற வழியைப் பார்த்தேன். இலை முளைக்கிற இடத்திலெல்லாம் பஞ்சைக் கிள்ளி வைத்தது போல வெள்ளையாக இருந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. மாவுப்பூச்சி.

எனக்குப் பயமே வரவில்லை. எப்படி வரும்? கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான். மாவுப்பூச்சி எனக்குத் தெரிந்த எதிரி. ஆண்கள் கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணிவிட்டுப் போவார்கள். பின்னாலேயே பெண்கள் நாங்கள் போய், கொடியில் காய்ந்து பிரிந்து நிற்கும் பட்டையைக் கையால் உரித்துப் போடுவோம். பட்டைக்கு அடியில்தான் பூச்சி ஒளிந்திருக்கும். உரித்தால்தான் மருந்து உள்ளே போகும். ஒரு கொடி விடாமல் உரிப்போம். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

குண்டுச்செடியின் அடித்தண்டிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் அங்கங்கே பிரிந்து நின்றது. என் கை தானாகப் போனது. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், சுகமாக வந்தது. இன்னொன்று இழுத்தேன். அடியில் பச்சைத் தோலும் கூடவே வந்தது. பால் கசிந்தது. கொடியிலும் கவாத்தில் நீர் சொட்டும், அது போலத்தான் இதுவும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் முழுக்க உரித்துவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தலையோடு ஊற்றினேன். வேலை முடித்த திருப்தியோடு கீழே இறங்கிப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் சாரல் ஆரம்பித்தது. மலையாளத்துப் பக்கமிருந்து மேகம் இறங்கி நாலு நாள் விடாமல் தூறியது. ஐந்தாம் நாள் ஏறிப் பார்த்தால் பூச்சி இல்லை. ஆனால் உரித்த இடம் பழுப்பாக இருந்தது. விரலால் அமுக்கினேன். அழுகிய தக்காளி போல உள்ளே போனது.

அன்றைக்கு மருமகள் என் மகனின் போனில் கூப்பிட்டாள்.

“அத்தை, செடி பூத்துருச்சா?”

நான் ‘ம்’ என்றேன். அதுவரை நான் போட்ட ‘ம்’ எதுவும் பொய் இல்லை. இது பொய்.

மகனிடம் சொன்னேன். அவன் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சுருக்கியேம்மா? இதே கலர்ல தேனியில கெடைக்கும். வாங்கி அதே தொட்டியில வச்சுருவோம். அவளுக்குத் தெரியவா போகுது?”

“அவ அப்பா வச்சதுடா.”

“செடி வந்து சொல்லுமா யாரு வச்சான்னு?”

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் உரித்த தோலையும் அழுகலில் கொஞ்சத்தையும் காகிதத்தில் பொதிந்துகொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன்.

பூச்சிமருந்துக் கடையில் ஆண்கள் கூட்டம். எனக்குக் கூட்டத்தில் புகுந்து பேச வராது. வாசலில் ஒரு ஓரமாக நின்றேன். ரொம்ப நேரம் கழித்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பஸ்ஸுக்கு நிக்கிறீகளா, மருந்துக்கு நிக்கிறீகளா?”

“மருந்துக்கு. அழுகலுக்கு.”

“எத்தனை ஏக்கரு?”

“ஒரு தொட்டி.”

கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். துண்டு போட்ட ஒரு பெரியவர், “ஆத்தாவுக்கு முதல்ல போட்டு அனுப்புப்பா. எங்களுக்கெல்லாம் ஏக்கருதான், மெதுவாப் பாத்துக்கலாம்,” என்றார். எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. பொதி கையிலேயே இருந்தது. கடைக்காரர் கையை நீட்டி வாங்கிப் பிரித்தார்.

“இது அடீனியமில்ல? தோலை யாரு உரிச்சது?”

“நாந்தான். பூச்சிக்கு. திராட்சைக்கு உரிப்போம்ல...”

அவர் சிரிக்கவில்லை. “திராட்சைக்கொடி மரம் மாதிரிம்மா. அதுக்கு மேல்பட்டை செத்த பட்டை, உரிச்சா உரிச்சுக்கிரும். இது உள்ளுக்குள்ள பூராம் தண்ணி. கொய்யாப்பழத்தைத் தோலைச் சீவி மழையில வச்சா என்ன ஆகும்? அதான் ஆயிருக்கு.”

பிறகு நிதானமாகச் சொன்னார். தொட்டியிலிருந்து பிடுங்க வேண்டும். கத்தியை நெருப்பில் காட்டி, பழுப்பு போகிற வரை வெட்ட வேண்டும். வெள்ளைச் சதை வந்தால் நிறுத்த வேண்டும். வெட்டின இடத்தில் கந்தகத்தூளைத் தடவி, நிழலில் கட்டித் தொங்கவிட வேண்டும். “வாடும், சுருங்கும். பாத்து மனசு கேக்காமத் தண்ணியை ஊத்திறாதீக. அந்தப் பால் கண்ணுல படாமப் பாத்துக்கோங்க.” இனிமேல் பூச்சி வந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் தொட்டுத் துடைத்தால் போதும் என்றார். மருந்தெல்லாம் வேண்டாமாம்.

வீட்டுக்கு வந்து வெட்டினேன். ஒரு பக்கம் சீவினேன், பழுப்பு. இன்னும் கொஞ்சம் சீவினேன், அங்கேயும் பழுப்பு. வேர் எல்லாம் போனது. பாதிக் கிழங்கு போனது. ஒவ்வொரு சீவலுக்கும் அடுத்தது வெள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் என் கைப்பிடி அளவு சதையும் மேலே இரண்டு கிளையும் மிஞ்சின. அப்போதுதான் வெள்ளை வந்தது. தூள் தடவி, வெங்காயம் வாங்கின வலைப்பையில் போட்டு, மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டேன்.

இலை ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கிளை சுருங்கியது. தண்ணீர்ச் செம்போடு இரண்டு தரம் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குள் மகன் சொன்னபடி புதுச்செடி வாங்கி வந்து பழைய தொட்டியில் வைத்துவிட்டான். அதே ரோஸ், அதே ஓரம். நாலு பூ பூத்திருந்தது. பழையதைவிட அழகு. மருமகள் வருகிற அன்று காலையில், பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. பேசாமல் இருப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லையே.

அவள் வந்து பையை வைத்ததும் மாடிப்படியில் காலை வைத்தாள். நான் வலைப்பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.

“தாயி, மேல இருக்கறது உன் செடி இல்ல. இதுதான் உன் செடி. மாவுப்பூச்சி வந்துச்சு. நான் திராட்சைக்கு உரிக்கிறாப்புலப் பட்டையை உரிச்சுப்புட்டேன். மழை பேஞ்சு அழுகிப்போச்சு. தேனி மருந்துக்கடைக்காரரு சொன்னபடி அழுகலை வெட்டித் தொங்கவிட்டேன். நீ போன்ல கேட்டப்ப நான் பொய் சொன்னேன்.”

கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் அவளிடம் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை. அவள் பையை வாங்கினாள். வெட்டுப்பட்ட கட்டையை வலைக்கு வெளியிலிருந்தே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பேச்சில்லை. அவள் பேசாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மகனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். “மாடியில இருக்கற உங்க செடிக்கு நீங்களே தண்ணி ஊத்துங்க. அந்தத் தொட்டியை எனக்குத் திருப்பிக் குடுங்க.”

மூன்றாம் நாள் காலையில் வலைப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, இதை எப்ப நடணும்னு கடைக்காரரு சொன்னாகளா?”

“வெட்டுவாய் கல்லு மாதிரிக் காய்ஞ்ச பொறகுன்னாக.”

இரண்டு பேரும் தொட்டுப் பார்த்தோம். காய்ந்திருந்தது. ஆற்றுமணலும் செங்கல் பொடியும் கலந்து நட்டோம். அவள் பிடித்துக்கொண்டாள், நான் மணலைத் தள்ளினேன். ஒரு மாதம் வரை அது வெறும் கட்டைதான். பிறகு ஒரு கிளையின் நுனியில் கடுகு அளவு பச்சை தெரிந்தது.

இன்னும் பூக்கவில்லை. இலை மட்டும் அடர்ந்திருக்கிறது. மாவுப்பூச்சி மட்டும் மறுபடி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பழைய பிரஷ்ஷோடு மாடியில் உட்கார்ந்து துடைக்கிறோம். அடித்தண்டில் சாம்பல் தோல் மறுபடியும் மெல்லப் பிரிய ஆரம்பித்திருக்கிறது. என் விரல் அந்தப் பக்கம் போகும். அவள் செடியைப் பார்த்தபடியே சொல்வாள்.

“அத்தை, கை.”

நான் கையை எடுத்துக்கொள்வேன்.