நாலு மூலை மஞ்சள்

கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு விரலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் லோகேஸ்வரி மற்றதைப் பார்ப்பார். தூசி ஒட்டினால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒட்டாவிட்டால், “தொடச்சே தேச்சிருவாங்க போலலா” என்று முனகிக்கொள்வார்.

சிரம்பான் பக்கம் ராசாவில் பிளவுஸ் தைப்பவருக்குக் கோலாலம்பூரில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் என்ன வேலை? பெட்டிக்குள் இருப்பது சம்பந்தி வீட்டுச் சொத்து. மகளின் மாமனார் சிவானந்தனுடைய அப்பா, சுவா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, துரைக்குக் கணக்கெழுதுபவராக இருந்தவர். அவர் சேர்த்து வைத்திருந்த மாரியம்மன் திருவிழா நோட்டீஸ்களைப் போன வருடம் நூலகம் கேட்டு வாங்கிக்கொண்டது. கீழே பித்தளைத் தகடு: ‘சிவானந்தன் குடும்பச் சேகரிப்பு’. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவால் லோகேஸ்வரி அதை அளந்தே பார்த்துவிட்டார். அவருடைய கடைப் பலகையைவிடச் சிறியதுதான். அப்படியும் மனம் ஆறவில்லை.

அந்த நூலகத்தின் தோட்டப் பிரிவு துரைமார் காலத்தில் தொடங்கியது. ரப்பர் மரத்துக்கு வரும் நோய்களைப் பற்றி மட்டும் ஒரு முழு அலமாரி உண்டு. பழைய வரைபடங்களில் துரை வீட்டுக் குதிரை லாயத்துக்குக்கூடப் பெயர் இருக்கிறது. மரம் சீவியவர்களின் வரிசை வீடுகளான லயம் வெறும் கோடுகள். அவர்கள் பெயர் அச்சேறியது திருவிழா நோட்டீஸில்தான், உபயகாரர் வரிசையில். அதே தோட்டத்தில் மரம் சீவிய லோகேஸ்வரியின் அப்பா ஆறுமுகமும் அங்கே இருக்கிறார்.

“எங்கப்பா பேரு, அவங்க பொட்டில. எப்பிடி இருக்கு கத?”

சிவானந்தன் நல்ல மனிதர். அதுதான் தாங்க முடியவில்லை. “சம்பந்தியம்மா, அங்கால போனா எங்கட பெட்டியையும் ஒருக்கா பாத்திட்டு வாங்கோ” என்று போனில் அன்பாகச் சொல்வார். போனை வைத்ததும் தையல் மெஷின் தடதடவென்று ஓடும்.

போன சனிக்கிழமை தன் வீட்டு நோட்டீஸ்களை பிஸ்கட் டின்னோடு தூக்கிக்கொண்டு சிரம்பானில் ரயிலேறினார். நூலகர் ரோகினி ஒவ்வொன்றாக விரித்தார். எல்லாவற்றின் மூலையிலும் மஞ்சள்.

“ஆன்ட்டி, இதெல்லாம் எங்ககிட்ட இருக்கு. ரெண்டு இருந்தா கறை இல்லாததத்தான் வெப்போம்.”

“கறையா? அம்மன் காலடில வெச்சு, நாலு மூலைலயும் மஞ்ச தடவித்தான் லயத்துக்கே குடுப்பாங்க. அவங்களுது அச்சாபீசுலேருந்து நேரா கிராணி வீட்டுக்குப் போனது. சாமி பாக்காத நோட்டீசு வெறும் கடுதாசிலா!”

சில மூலைகளில் மீன்குழம்பு வாசனையும் வந்தது. லோகேஸ்வரி அவற்றை மட்டும் அவசரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டின்னின் அடியில் ஒன்று மட்டும் பளிச்சென்று கிடந்தது. ரோகினியின் முகம் மலர்ந்தது. “இது எங்ககிட்ட இல்லையே!”

எப்படி இருக்கும்? அந்த வருடம் துரை லீவு தராமல் திருவிழாவே நின்றுபோனது. அச்சாகி வந்த நோட்டீஸ்களில் ஒன்றை ஆறுமுகம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மிச்சமெல்லாம் கட்டோடு அடுப்புக்குப் போனது. கோயில் பக்கமே போகாத காகிதம்.

“இத மட்டும் குடுங்க ஆன்ட்டி. வரிசை முழுசாயிரும்.”

“யாரு வரிச?”

ரோகினி தயங்கினார். “அதே பெட்டிலதான். கேட்டலாக்ல உங்க பேரு வரும்.”

“தகட்டுல?”

“அது... அவங்க பேருல அடிச்சாச்சு ஆன்ட்டி.”

லோகேஸ்வரி டின்னைப் படாரென்று மூடினார். பெட்டிக்குள் சம்பந்தி வீட்டு நோட்டீஸ்கள் இஸ்திரி போட்ட சட்டைகள் மாதிரி கிடந்தன. எல்லாவற்றிலும் கிராணியார் பெயர் மேலே, ஆறுமுகம் கீழே. நின்றுபோன அந்தத் திருவிழாவுக்கு மட்டும் ஆறுமுகம்தான் கோயில் தலைவர். பெயர் உச்சியில், கொட்டை எழுத்தில். கிராணியார் கடைசி வரியில்.

டின்னைத் திறந்து அந்த ஒரு நோட்டீஸை வெளியே எடுத்தார். கைப்பையிலிருந்து ராசா கோயில் மஞ்சள் பொட்டலத்தையும், நூலகத்துக்குள் கொண்டுவரக் கூடாத தண்ணீர் பாட்டிலையும் எடுத்தார். பாட்டில் மூடியில் மஞ்சளைக் குழைத்தார்.

“ஆன்ட்டி, வேணாம்! ஐயோ, ஆன்ட்டி!”

பிளவுஸுக்குக் குறி போடுகிற அதே நிதானத்தோடு நாலாவது மூலையையும் தொட்டு முடித்து, ஊதிக் காயவைத்து, நோட்டீஸை இரண்டு கையாலும் நீட்டினார்.