ஜன்னல் சீட்டை விட்ட தேவகி

ரத்தம் எடுத்துப் பிழைக்கிறவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆண்டர்சன்பேட்டை லேபில் நான் ஊசியை எடுத்தாலே போதும், நேற்றுத் தின்ற ஜிலேபி வரை கேட்காமலே ஒப்புக்கொள்வார்கள். நீங்களும் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தானே? அப்படியானால் தேவகியின் கதை உங்களுக்குத்தான்.

வாசல் வரை

தேவகி மாரிகுப்பத்துக்காரி, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருப்பவள். பெங்களூரில் கணக்கு எழுதும் வேலை, தினமும் ரயில். அவள் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றி, புண் ஆறாமல் கால் விரலை எடுத்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு வந்தாள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்த்தோம். நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது.

"இப்பவே கவனிச்சா வராமலே தடுக்கலாம். சோத்தைக் குறைங்க, சாப்பிட்டதும் உட்காராதீங்க, தினமும் நடங்க" என்றார் டாக்டர். அவரிடம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என் மேல் பாய்ந்தாள்: "நடக்கறதுக்கு இன்னாக்கா நேரம் கீது எனக்கு? விடியறதுக்கு முன்ன ரயில் ஏறுறேன், இருட்டுனப்புறம் எறங்குறேன்!"

களி

அடுத்த முறை வந்தபோது முகத்தில் அத்தனை நம்பிக்கை. சோற்றையே தொடுவதில்லையாம். ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

என்னதான் சாப்பிட்டாய் என்று துருவினேன். கேழ்வரகுக் களி! நம் பக்கத்தில் சர்க்கரை என்றதும் எல்லாரும் சொல்லும் வைத்தியம் அதுதானே? நல்ல சாப்பாடுதான். ஆனால் இவள் உருண்டை தேங்காய் அளவு. கேழ்வரகும் சர்க்கரையை ஏற்றும், பாதி உருண்டை போதும், மீதி வயிற்றுக்குக் கீரையும் பயறும் என்று விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மருந்துன்னு சொன்னாங்கக்கா, மருந்த கொறைக்கக் கூடாதேன்னு வேளைக்கு ரெண்டு உருண்டை துண்ணேன்."

சொத்து

ஒருநாள் பெங்களூருக்குப் போக அதே ரயிலில் ஏறினேன். மாரிகுப்பம் ரயிலில் சீட்டு என்றால் சும்மா இல்லை. இன்னார் இடம் இன்னது என்று வருஷக்கணக்காக வழக்கம். தெரியாமல் உட்கார்ந்தால் பெட்டியே முறைக்கும். தேவகிக்கு ஜன்னல் சீட்டு. அங்கே தூங்குகிற தூக்கம்தான் அவளுக்குப் பாதித் தூக்கம்.

பங்காரப்பேட்டை தாண்டியதும் டப்பாவைத் திறந்து பயறும் முட்டையும் சாப்பிட்டாள். மூடினாள், எழுந்தாள். நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்க ஆரம்பித்தாள். கூட்டத்தில் நடக்க இடமில்லை, அதனால் இது. கண் சொக்குகிறது, ஆனாலும் குதிகால் ஓயவில்லை. நான் மலைத்துப்போய்ப் பார்த்தேன். எதிர் சீட்டு முனிரத்தினம் என்னிடம் குனிந்து சொன்னார்: "தினமும் இதே கதைதான் மேடம். அந்தம்மா சொத்தையே எழுதிக் குடுத்துட்டாங்க."

சாம்பியனில்

திரும்பும்போதும் அதே கும்பல். கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம். அதற்கு முந்தின ஸ்டேஷனான சாம்பியனிலேயே தேவகி பையை மாட்டிக்கொண்டாள். அங்கிருந்து வீட்டுக்கு நடையாம். இருட்டு, சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சைனைடு மேட்டு ஓரம் ஆளில்லாத ரோடு. நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் முனிரத்தினம் எழுந்தார். அவர் பின்னால் அந்தப் பக்கத்து ஆட்கள் மொத்தமும் எழுந்தார்கள். நாளெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிற ரயிலை விட்டு இறங்கினார்கள்! எனக்குப் புல்லரித்துவிட்டது. காலியான ஜன்னல் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். பிளாட்பாரத்திலிருந்து முனிரத்தினம் சொன்னார்: "ஒத்தப் பொம்பள நடந்துகினு போவா, நாங்க உக்காந்துகினு போவமா?"

ஞாயிறு

போன மாதம் தேவகி மறுபடி வந்தாள். தனியாக இல்லை. ரயில் பெட்டியே வெறும் வயிற்றோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவள் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சர்க்கரை வாசலை விட்டே இறங்கியிருந்தது. இனியும் விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "'நம்ம ரத்தத்துல பொறந்தா எல்லாருக்கும் வரும்'னு அண்ணன் என் பொண்ணுங்க முன்னாடியே சொல்லிகினு இருக்கும்கா, இனிமே அவளுங்க முன்னாடி அத சொல்ல உடமாட்டேன்."

ஊரே இப்படி நடக்கக் கிளம்பிவிட்டால் என் பிழைப்பு என்னாவது என்று கவலைப்பட வேண்டியவள், அன்றைக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.